பதினேழாம் நம்பர் கேசட்டுக்கு ஒரு மதிப்புரை

இருபது வருஷத்துக்கும் மேலாகப் புத்தக மதிப்புரை எழுதிவருகிறேன். என் மதிப்புரையைப் படித்துவிட்டு யாராவது ஒரு புத்தகத்தை வாங்கியதாகவோ, வாங்க இருந்ததை விட்டுவிட்டதாகவோ இதுவரை தகவல் இல்லை. புத்தகத்தை எழுதியவர்கள் மட்டும் படிப்பார்கள். பிறகு கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு, என் தீர்ப்பை நம்பி ஒரு காரியம் நடக்கும் என்ற வாய்ப்பு போன மாசி மாதம் முதல்முறையாகக் கிடைத்தது. மதிப்புரை கேட்டவர் என் அண்ணன். மதிப்புரைக்கு வந்தவை, முப்பது வருஷத்துக்கு முன்னால் டிவியிலிருந்து அவர் பதிவுசெய்து வைத்த அமெரிக்க மல்யுத்தப் போட்டிகள்.

அண்ணன் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். கேட்காததற்கு வாய் திறக்க மாட்டார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கோவில்பட்டிக்குக் கேபிள் வந்த புதிதில் தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து ஒரு வீடியோ டெக் வாங்கினார். தெருவில் டெக் வைத்திருந்த மற்ற இரண்டு வீட்டார் அதில் சினிமாவும் சொந்தக்காரர் கல்யாணமும் பார்த்தார்கள். அண்ணன் வாராவாரம் மல்யுத்தம் பதிவுசெய்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அதனால் அவரும் சொல்லவில்லை.

மொத்தம் நாற்பத்து மூன்று கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் பார்சல் ஆபீஸ் சாக்குமூட்டையில் எழுதுவதுபோலத் தடித்த எழுத்தில் எண். இன்ன எண்ணில் யார் யாரோடு மோதினார்கள் என்பதற்குத் தனியாக ஒரு டைரி. ஓய்வுக்குப் பிறகு பீரோவைத் திறந்து பார்த்தால் பாதி கேசட்டில் பூஞ்சை. கடைவீதியில் ஒருவர் கேசட்டைத் துடைத்து பென்டிரைவில் ஏற்றித் தருகிறாராம். எல்லாவற்றையும் ஏற்றுவது வீண், தேறுவதை மட்டும் ஏற்றலாம், மற்றது பழைய இரும்புக்கடைக்கு என்று அண்ணன் முடிவுசெய்தார். டெக்கைப் பழுதுபார்த்து வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் ஒரு கேசட் ஓடும். நான் என் மேலான கருத்தைச் சொல்ல வேண்டும். அவர் டைரியில் எண்ணுக்கு நேராக ‘ஏ’ அல்லது ‘த’ போடுவார். ஏற்று, தள்ளு. இருபது வருஷ மதிப்புரையில் நான் எழுதியதெல்லாம் இந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பதினாறு கேசட்டுகளைச் சிக்கலில்லாமல் முடித்தோம். பதினேழுக்கு முந்தின ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் என் மைனி, அண்ணன் மனைவி.

மைனி பசுவந்தனைப் பக்கத்து மானாவாரிக் குடும்பம். மழை பார்த்து விதைத்து, மழை பார்க்காமல் அறுத்தவர்கள். கல்யாணமாகி வந்த புதிதில், வேறு போக்கில்லாமல் அண்ணனோடு உட்கார்ந்து இந்தச் சண்டைகளைப் பார்க்க ஆரம்பித்தார். அதில் ஒருவன் பச்சை ஜட்டிக்காரன். மற்றவர்கள் புகையும் விளக்கும் பாட்டுமாக வருவார்கள். இவன் பிடரியைச் சொறிந்துகொண்டு பஸ்ஸுக்கு வருகிறவன் மாதிரி வருவான். கொஞ்சம் தொந்தி. பக்கத்தில் யாரும் கிடையாது. ஒவ்வொரு வாரமும் ஜெயிக்கிற இடம்வரைக்கும் வந்துவிடுவான். அப்போது பின்னாலிருந்து எதுவோ வந்து விழும். நாற்காலி, வாளி, ஒருமுறை ஓர் ஏணி.

மூன்றாவது வாரம் மைனி சொன்னார்: “இவன் நம்ம பக்கத்து சம்சாரில்லா! கதிரு முத்தி நிக்கும்போது மழை வந்து கெடுக்குமே, அந்த முழி முழிக்கான் பாரேன்.”

சம்சாரி என்றால் எங்கள் பக்கத்தில் விவசாயி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். அவனுக்கு எதிரி, தங்க பெல்ட் வைத்திருந்த சாம்பியன். ஜரிகைச் சால்வை, எண்ணெய் தடவிய தலை, கூடவே குடை பிடித்த ஒரு கையாள். அவனுக்கு மைனி வைத்த பெயர் கமிஷன்கடை. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. விளைந்த உளுந்து மூட்டையை விற்க அங்கே போய் நின்ற யாருக்கும் அந்தச் சிரிப்பு தெரியும்.

நான் அப்போது ஆங்கில இலக்கியம் கடைசி வருஷம். அதனால் மொழிபெயர்ப்பாளர் பதவி தானாக வந்து சேர்ந்தது. அந்த ஊர் ஆங்கிலத்தில் பத்துச் சொல்லுக்கு மூன்று எனக்குப் பிடிபடும். மிச்சம் ஏழு சொல்லை நானே போட்டுக் கொடுத்தேன். சம்சாரிக்கு ஊரில் ஒரு தங்கை இருப்பதாகவும், அவள் கல்யாணம் கமிஷன்கடையால் நின்றுபோனதாகவும் சொல்லியிருந்தேன். மைனி அந்தத் தங்கையை மாதக்கணக்கில் விசாரித்தார். நான் எழுதியவற்றிலேயே வாசகருக்குப் பிடித்த பாத்திரம் அவள்தான்.

பெல்ட்டுக்கான சண்டை வந்த அன்று, மைனி டிவிக்கு முன்னால் எழுந்து நின்று, மேற்கே கழுகுமலை இருக்கிற திசையாக உத்தேசித்து, சமையல்கட்டுச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“கழுகுமலை முருகா, இன்னைக்குச் சம்சாரி ஜெயிச்சிரணும். ஜெயிச்சிட்டாம்னா என் கொழுந்தனுக்கு உன் சன்னதியில மொட்டை போடுதேன்.”

“மைனி, என் தலை!”

“பொறவு? என் தலையவா குடுக்க முடியும்? வளந்துரும்லே. சும்மா கெட.”

எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்றால் பெரும்பாலும் அடுத்தவர் தலைமேல்தான். பிள்ளை பிழைத்தால் புருஷனுக்கு மொட்டை, புருஷன் பிழைத்தால் பிள்ளைக்கு மொட்டை. தலைக்குச் சொந்தக்காரனிடம் கேட்கிற வழக்கமில்லை. இருந்தாலும் படித்தவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபம் எழுப்பினேன். இந்தச் சண்டை அமெரிக்காவில் நடந்து முடிந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கும், முடிந்துபோனதில் முருகன் என்ன செய்ய முடியும் என்றேன்.

“நமக்கு இன்னும் தெரியாதுல்லா? அப்பம் இன்னும் முடியல” என்றார் மைனி.

என் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மாதக் கடைசியில் கல்லூரி ஆண்டுவிழா நாடகத்தில் எனக்குக் கவிஞர் வேஷம். எனக்கு நடிக்க வராது. முடிக்காகவே கிடைத்த வேஷம் அது. நெற்றியில் விழுந்து, தள்ளினால் மறுபடி விழும். அந்தக் காலத்தில் எனக்கென்று இருந்த ஒரே திறமை.

சண்டையின் கடைசியில் நடந்தது இது. சம்சாரி கமிஷன்கடையைத் தூக்கி மல்லாக்கப் போட்டு மேலே விழுந்தான். நடுவர் தரையைத் தட்டி ஒன்று எண்ணினார், இரண்டு எண்ணினார். மூன்றுக்குள் கையாள் உள்ளே பாய்ந்து சம்சாரியின் பிடரியில் குடையால் அடித்தான். மணி அடித்தது. அதற்குப் பிறகும் அடித்தான். சம்சாரி குப்புறக் கிடந்தான். கமிஷன்கடை பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அப்போது கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, நிறுத்தி நிதானமாக, எனக்கென்றே சொல்வதுபோல் சொன்னார்: குறுக்கே புகுந்து அடித்த குற்றத்துக்காகச் சாம்பியன் தகுதி இழந்தார், இந்தப் போட்டியில் வென்றவர் பச்சை ஜட்டிக்காரர். குற்றத்தால் கிடைக்கிற வெற்றிக்குப் பெல்ட் கைமாறாது என்பது அவர்கள் விதி. அதனால் பெல்ட் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

“என்ன சொல்லுதான் அவன்?” என்றார் மைனி.

அத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சொல்கூட விடாமல் புரிந்த ஒரே ஆங்கில வாக்கியம் அது. அதைத்தான் தப்பாக மொழிபெயர்த்தேன்.

“சம்சாரி தோத்துட்டான்னு சொல்லுதான் மைனி.”

மைனி எழுந்துபோய் கிரைண்டரைப் போட்டார். நான் ஆண்டுவிழாவில் கவிஞராக நடித்தேன். முடி நன்றாக நடித்ததாகச் சொன்னார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. மைனி கழுகுமலைக்குப் போவதை நிறுத்தவில்லை. விளக்குப் போடுவார், சுற்றுவார், திருநீறு கொண்டுவருவார். ஆனால் ஒன்றும் வேண்டிக்கொள்ள மாட்டார். மகளுக்குப் பரீட்சை வந்தது. அண்ணனுக்கு ஊர்மாற்றம் வந்து நின்றது. மைனிக்கே ஓர் அறுவைச் சிகிச்சை வந்தது. பக்கத்து வீட்டம்மா, “முருகன்ட்ட ஒரு வார்த்த கேட்டு வையிங்க” என்று சொல்வார். மைனி, “கும்பிடுவேன். கேக்க மாட்டேன். அவருக்கும் எனக்கும் ஒரு இது இருக்கு” என்பார். அது என்ன ‘இது’ என்று வெளியார் யாருக்கும் தெரியாது. சமையல்கட்டில் எனக்குத் தோசை போட்டுக்கொண்டே மட்டும் சில நாள் சொல்வார்: “வாழ்க்கையில வாய்விட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் தம்பி. அதையும் தரல.” நான் தோசையைப் பார்ப்பேன்.

சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. ஒவ்வொரு முறையும் கை தானாகத் தலைக்குப் போகும். முடி இருக்கும், வாயை மூடிக்கொள்வேன். பிறகு வருஷம் போகப்போக முடியும் இல்லாமல் போயிற்று. அதற்குள் வாய் மூடிப் பழகிவிட்டது.

இப்போது என் தலை, காதுக்கு மேலே இரண்டு கரையும் நடுவில் கோடைக் கண்மாயுமாக இருக்கிறது. இடது கரையில் முடியை நீளமாக வளர்த்து, தினமும் காலையில் வலது கரைக்குக் கொண்டுபோகிறேன். காற்றில்லாத நாளில் நன்றாக இருக்கும். இதைக் காப்பாற்றுவதற்காக ஒரு தெய்வத்தின் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறேன் என்பது பதினேழாம் கேசட்டுக்கு முந்தின ராத்திரி உறைத்தது. ஆனாலும் ஒரு வழி தெரிந்தது. ‘தள்ளு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேசட் இரும்புக்கடைக்குப் போய்விடும். சாட்சி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கேசட்டை எடுத்ததும் மைனியே எனக்கு வழி செய்துகொடுத்தார். “அதைப் போட வேண்டாம். தள்ளுன்னு எழுதிருங்க.”

“பாக்காம எழுதப்புடாது. அது இவன் பழக்கம்” என்று அண்ணன் என் பக்கம் பேனாவைக் காட்டினார்.

மைனி சுளகில் உளுந்தை எடுத்துக்கொண்டு வாசல்நிலைப் பக்கம் டிவிக்கு முதுகு பாதி காட்டி உட்கார்ந்தார். “நான் பாக்கல. உளுந்து பாக்குதேன்.”

இனி மதிப்புரை. நேர்மையாகச் சொன்னால், சண்டை நன்றாக இருந்தது. பத்தொன்பது வயதில் தெரியாதது இப்போது தெரிந்தது. கன்னத்தில் குத்து விழுவதற்கு ஒரு சாண் முன்னாலேயே முகம் திரும்பிவிடுகிறது. சத்தம் கன்னத்தில் வரவில்லை. குத்துகிறவன் காலால் பலகையை உதைக்கிறான். நடுவர் விழ வேண்டிய நேரத்துக்குச் சரியாக வந்து, விழ வேண்டிய இடத்தில் நின்று, விழுகிறார். சம்சாரிக்கு மொத்தமே மூன்று பிடிதான் தெரியும். அதில் ஒன்று தலையால் முட்டுவது. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆள்மேல் ஆள் விழுந்தும் அவள் நிமிரவில்லை. விளம்பர நேரத்தில் அண்ணன் பதிவை நிறுத்தி நிறுத்திப் போட்டதால், வெளியே கிடந்த சம்சாரி அடுத்த நொடி உள்ளே நிற்கிறான். மற்ற கேசட்டுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்த காலத்தில் இதே தாவலை அவனுடைய வேகம் என்று நான் விளக்கியிருந்தேன்.

பாதியில் படம் முழுக்க வெள்ளைக் கோடு விழுந்தது. உளுந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “மழை வந்துட்டு. இன்னைக்கும் கெட்டுது வெள்ளாம” என்றார்.

“இதெல்லாம் முன்கூட்டியே பேசிவச்சிச் செய்யுததுன்னு இப்பம் எல்லாருக்கும் தெரியும் மைனி” என்றேன். தப்பிக்க வேறு வாசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன்.

“அடிக்கது பொய்யா இருந்துட்டுப் போகுது. அந்தத் தொந்திய வச்சிக்கிட்டு அவ்வளவு ஒசரத்துல இருந்து விழுதான பாரு, அது பொய்யா?”

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எழுதியதில்லை.

கடைசிக் கட்டம் வந்தது. தூக்கிப் போட்டான். மேலே விழுந்தான். ஒன்று. இரண்டு. சுளகு நின்றுவிட்டது. குடை வந்தது. மணி. மைனி மூச்சை விட்டுவிட்டு மறுபடி உளுந்தைத் தள்ள ஆரம்பித்தார். கோட்டுக்காரன் ஒலிபெருக்கியைப் பிடித்தான். அண்ணன் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைத்தார். முப்பது வருஷத்தில் அந்தக் குரல் கொஞ்சம் நடுங்கியிருந்தது, சொல் மாறவில்லை.

அண்ணன் டைரியைத் திறந்து பேனாவை வைத்துக்கொண்டு, “என்னலே? ஏற்றா, தள்ளா?” என்றார்.

நான் மைனியின் கையைப் பார்த்தேன். அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும்போதுகூட ஒன்றும் கேட்காமல் போன ஆள்.

“மைனி, சம்சாரி ஜெயிச்சிட்டான்னு சொல்லுதான்.”

“எவன்?”

“கோட்டுக்காரன்.”

“இப்பமா சொல்லுதான்?”

“அன்னைக்கும் இதத்தான் சொன்னான்.”

மைனி சுளகைக் கீழே வைத்தார். அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சொல்லுக்குச் சொல் கேட்டார். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். தங்கை உண்டா என்றார். இல்லை என்றேன். அதற்குத்தான் முகம் வாடியது.

“அன்னைக்கு ஏம்ல தோத்துட்டாம்ன?”

“கவிஞர் வேஷம் இருந்துச்சு மைனி. முடி வேணும்.”

அப்போது அண்ணன், டைரியிலிருந்து கண் எடுக்காமல், “எனக்கு அப்பவே புரிஞ்சிது” என்றார்.

நாங்கள் இருவரும் திரும்பினோம். மைனிக்குக் குரல் ஏறியது. “புரிஞ்சிதா? பொறவு வாயில என்ன வச்சிருந்திய?”

“எங்கிட்ட யாரும் கேக்கலியே” என்றார் அண்ணன்.

கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். பெல்ட் அவனுக்குக் கிடைக்கவில்லையே, அப்படியென்றால் அது முழு வெற்றி ஆகுமா, வேண்டுதல் செல்லுமா என்று கேட்டேன்.

“நான் பெல்ட்டா கேட்டேன்? ஜெயிக்கணும்னுதான கேட்டேன். வெளஞ்சிது, வீடு வந்து சேரல. நம்ம பக்கத்துல அதுக்குப் பேரு வெளையலன்னா? கமிஷன்கடக்காரன் கொண்டு போனதுக்கு முருகன் என்ன செய்வாரு?” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். பிறகு மெதுவாக, “கேட்டதக் குடுத்திருக்காரு. நான்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு அலஞ்சிருக்கேன்” என்றார்.

அழுவாரோ என்று பயந்தேன். அவர் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு உதட்டோரம் தொடங்கி, தோள் குலுங்கி, கால் தட்டிச் சுளகு கவிழ்ந்து உளுந்து வீடெல்லாம் ஓடியது.

“கொழுந்தனாரே, வாரும். இதுல அந்த மனுசனுக்குக் குடுக்க என்னத்த மிச்சம் வச்சிருக்கீரு?”

“இடது பக்கம் நீளமா இருக்கு மைனி.”

“செவ்வாக்கெழம போறோம்.”

செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் கழுகுமலை பஸ் ஏறினோம். ஜன்னலோரம் மைனி. கம்பு அறுத்து முடிந்த காடு கறுப்பாகக் கிடந்தது. ஜன்னலை மூடச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். இடது கரை முழுவதும் காற்றில் எழுந்து நின்றது. அதற்கு அது கடைசிப் பயணம்.

மொட்டை போடுகிறவர் தண்ணீரைத் தெளித்து, என் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்து, மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, பாதி வேலைய வீட்லயே முடிச்சிட்டு வந்திட்டியளோ?”

“முப்பது வருசம் முந்தியே வந்திருக்க வேண்டிய தலை” என்றார் பக்கத்தில் நின்ற மைனி. “பாத்து எடுங்க. நெறைய இருந்தப்ப நேந்தது.”

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தலையில் சந்தனம் அப்பிக்கொண்டதும் எனக்கு ஒரு ஆச்சரியம். எட்டு நிமிஷம் சீவுகிற வேலை இனிக் கிடையாது. இவ்வளவு குளிர்ச்சியை இத்தனை வருஷம் எதற்காகத் தள்ளிப்போட்டேன் என்று தெரியவில்லை.

சன்னதியில் அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை நீட்டினார். அண்ணனும் நானும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம். மைனி நகரவில்லை. கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. அர்ச்சகர் தட்டை மாற்றுக் கைக்குக் கொண்டுபோனார். பின்னால் நின்ற ஓர் அம்மாள், “ஏ தாயி, எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வையி” என்றார். மைனிக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு உள்ளதைக் கேட்டு முடிக்க நேரம் ஆகத்தான் செய்யும்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது அண்ணன், வழக்கத்துக்கு மாறாக, தானாகவே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏட்டி, இவ்வளவு நேரம் என்ன கேட்ட?”

“அது எனக்கும் அவருக்கும் உள்ளது.”

“வேண்டுதல் எதுவும் போட்டியா?”

மைனி அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் குறிப்பாக ஓர் இடத்தைப் பார்த்தார். அண்ணனின் மீசை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளும் எடுக்காதது. இப்போது வெள்ளையானாலும் இரண்டு பக்கமும் முறுக்கி நிற்கும்.

“தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்ததுக்கு, அந்த வாய்க்கு மேல உள்ளத நேந்திருக்கேன்” என்றார் மைனி.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் டைரி. பதினேழுக்கு நேராகப் பெரிதாக ‘ஏ’ போட்டிருந்தார். மைனி கண்ணயரும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஒரு கையால் மீசையை மூடிக்கொண்டு, முன்சீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற மைனிக்குக் கேட்காதபடி என் காதில் சொன்னார்:

“ஏலே, அவ என்ன கேட்டான்னு மெதுவா விசாரி. நடக்கக்கூடிய காரியமா இருந்தா முன்கூட்டியே சொல்லு.”